கிண்டியின் நிலமும் குடிகளின் சொல்லும்

தமிழ்ப் பேச்சுவழக்கில் 'எம்டன்' என்றொரு சொல் உண்டு. எளிதில் பிடிகொடுக்காத, எதற்கும் துணிந்த ஆளைக் குறிக்க நம் பாட்டன்மார் வழங்கிய அச்சொல், 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளின்மீது குண்டு பொழிந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்பது வாசகர்கள் அறிந்ததே. அதே எம்டன் அடுத்த சில வாரங்களில் மூழ்கடித்த வணிகக் கப்பல்களுள் ஒன்றில் என்ன சரக்கு இருந்தது என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படாத செய்தி. 'கிளான் கிராண்ட்' என்னும் அக்கப்பலில் வரைபடங்களும் ஓவியங்களும் நிழற்படங்களும் அடங்கிய ஒரு கண்காட்சி இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்தது. நகரங்களைப் பற்றிய கண்காட்சி அது. அதற்கு உரியவர் ஸ்காட்லாந்து நாட்டினரான பாட்ரிக் கெடிஸ். தாவரவியலில் தொடங்கி நகரவியலில் வந்து நின்றவர். அவரைச் சென்னைக்கு அழைத்திருந்தவர் அன்றைய ஆளுநர் பெண்ட்லண்ட் பிரபு.

பல்லாண்டு உழைப்பில் சேர்த்தவை கடலுக்குள் போன பிறகும் கெடிஸ் பின்வாங்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து நண்பர்கள் திரட்டியனுப்பிய வேறொரு தொகுப்பைக் கொண்டு, 1915-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சியை நடத்தியே விட்டார். பின்னர் மாகாணத்தின் பல ஊர்களுக்கும் சென்று, ஒவ்வொன்றைப் பற்றியும் அறிக்கை எழுதினார்.

நகரமைப்பில் குடிமக்களின் பங்கு என்னும் பொருளைப் பேச வந்துவிட்டுக் கெடிஸிடமிருந்து தொடங்குவது ஏன் என்று கேட்கலாம். நம் ஊரில் அப்பொருளை முதன்முதலில் ஒரு முறையாகச் செய்துகாட்டியவர் அவர் என்று கருதுகிறோம். அன்றைய பொறியாளர்கள் ஊரைப் படத்தில் பார்த்தார்கள்; குறுகலான தெரு கண்ணில் பட்டால் அளவுகோலை வைத்து நேர்க்கோடு ஒன்றை இழுத்தார்கள்; கோட்டின் கீழ் அகப்பட்ட வீடுகள் இடிந்தன. கெடிஸ் நடந்து பார்த்தார். எந்த வீட்டின் திண்ணையில் யார் அமர்கிறார்கள், எந்தக் கிணற்றடியில் பெண்கள் கூடுகிறார்கள், எந்த மரத்தடி ஊருக்குப் பொதுவிடம் என்பதையெல்லாம் குறித்துக்கொண்ட பிறகே, இரண்டொரு பாழடைந்த வீடுகளை மட்டும் அகற்றினால் போதும், மற்றவை நிற்கட்டும் என்றார். அறுவை மருத்துவத்தில் உறுப்பைக் காத்துப் புண்ணை மட்டும் நீக்குவதைப் போன்றது இது என்பது அவர் கொள்கை. செலவும் குறைவு, கண்ணீரும் குறைவு.

இலக்கிய வாசகர்களுக்கு ஒரு துணைச்செய்தி. சி. பி. வேங்கடராம ஐயர் என்பவர் தென்னாட்டின் பழைய நகரமைப்பைப் பற்றி 1916-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். நம் பழைய இலக்கியங்களில் வரும் நகர வருணனைகளைச் சான்றாகக் கொண்டு எழுதப்பட்ட அந்நூலுக்கு முன்னுரை எழுதியவர் கெடிஸ். சிலப்பதிகாரத்தின் மருவூர்ப்பாக்கத்தையும் பட்டினப்பாக்கத்தையும் நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். வண்ணமும் சுண்ணமும் விற்போர் எங்கே, பட்டு நூற்போர் எங்கே, உழவர் வீதி எது, மருத்துவர் வீதி எது என்று மாணவர்களுக்குப் பட்டியல் தருகிறோம். இவர்களை இங்கே குடியிருத்தலாம் என்று யார் முடிவு செய்தது, அவர்களைக் கேட்டுச் செய்தார்களா என்னும் வினா மட்டும் எழுவதில்லை. காப்பியத்தின் நகரம் எப்போதும் கட்டி முடிக்கப்பட்டே நமக்குக் கிடைக்கிறது.

கெடிஸைப் பற்றிய மற்றொரு செய்தியையும் சொல்லாமல் நகர மனமில்லை. சென்னையை விட்டுச் சென்ற பின் இந்தூர் சமஸ்தானத்தில் அவர் பணியாற்றினார். பிளேக் நோய் ஊரை வாட்டிய காலம். வீதிகளில் இந்த அந்நியர் நடமாடுவதைப் பார்த்து மக்கள் ஐயுற்றார்கள். கெடிஸ் மன்னரிடம் ஒரே ஒரு நாள் ஆட்சியைக் கேட்டுப் பெற்று, தீபாவளியை ஒட்டி ஓர் ஊர்வலம் நடத்தினார். அழுக்கு என்னும் அரக்கனுக்கு ஓர் உருவம். பிளேக்கைப் பரப்பும் எலிக்கு ஓர் உருவம். இரண்டையும் ஊர் சுற்றிக் கொண்டுபோய்க் கொளுத்துவது. ஊர்வலம் எந்த வீதி வழியாகப் போகும் என்பதற்கு வழக்கமான மரபு எதையும் அவர் பின்பற்றவில்லை. எந்த வீதியார் தம் வீதியை நன்றாகச் சுத்தம் செய்து பழுதுபார்க்கிறார்களோ அதன் வழியே போகும் என்று அறிவித்துவிட்டார். பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. நம் தேரோட்டத்தின் இலக்கணத்தை அறிந்துகொண்ட ஒரு வெள்ளைக்காரர் அதை நகரமைப்புக்குப் பயன்படுத்திய இக்கதை, நம் நகராட்சி அலுவலகங்களின் சுவரில் எழுதி வைக்கத்தக்கது.

ஆனால் சென்னையில் பிறகு வந்தது கெடிஸின் வழி அன்று. அவருடைய கண்காட்சித் துணைவரான லான்செஸ்டர் சென்னை நகரமைப்பைப் பற்றி எழுதிய நூல் 1918-இல் வந்தது. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. பம்பாய்க்கு 1915-இலேயே அத்தகைய சட்டம் கிடைத்திருந்தது. புதிய சட்டத்தின் முதற் பெருங்கனி, மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து உருவாக்கிய தியாகராய நகர். நீதிக்கட்சித் தலைவரும் மாநகராட்சித் தலைவராக இருந்தவருமான பிட்டி தியாகராயரின் பெயரையே அந்நகர் தாங்கியது. அன்றைய மாநகராட்சி தேர்ந்தெடுக்கப்பட்ட அவைதான். ஆயின் வாக்குரிமை சொத்தும் வரியும் உடையவர்க்கே. ஏரியில் மீன் பிடித்தவரும் ஏரி நீரில் துணி வெளுத்தவரும் ஏரிக்கரையில் மாடு மேய்த்தவரும் அந்த வாக்காளர் பட்டியலில் இருந்திருக்க வழியில்லை.

இனிக் கிண்டிக்கு வருவோம்.

சென்னையின் நிலவரலாற்றைப் படிக்க விரும்புவோர்க்குக் கிண்டியைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை. காரணம் எளிது. இங்கே நிலத்தின் பெரும்பகுதி அரசினுடையது. எனவே எந்தக் காலத்தில் எந்த அரசு எதை மேலானதாகக் கருதியது என்பது இந்நிலத்தின்மேல் படலம் படலமாகப் பதிந்து கிடக்கிறது. 1821-இல், தாமஸ் மன்றோ ஆளுநராக இருந்தபோது, கிண்டித் தோட்டம் ஆளுநரின் ஊர்ப்புற மாளிகைக்காக அரசால் வாங்கப்பட்டது. அதைச் சூழ்ந்த காடு ஐந்து சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. 1910-இல் அது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் அக்காடு பங்குபோடப்பட்டது. ஒரு பகுதி மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு. 1958-இல் நேருவின் விருப்பத்தின்படி மற்றொரு பகுதி மான் பூங்காவுக்கும் சிறுவர் பூங்காவுக்கும். மேலும் காந்தி, இராஜாஜி, காமராசர் என நினைவிடங்கள். 1961-க்கும் 1977-க்கும் இடையில் மட்டும் ஏறத்தாழ 172 ஹெக்டேர் காடு பல துறைகளுக்கும் கைமாறியது. எஞ்சியதை 1978-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். பரப்பு 2.70 சதுர கிலோமீட்டர். மாநகரத்தின் நடுவில் வெளிமான் மேயும் காடு ஒன்று நமக்கு எஞ்சியிருப்பது பெருமைதான். பெருமைப்படும்போது பாதி போய்விட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

காட்டின் மறுபுறம், அடையாற்றை ஒட்டி, 1958-இல் தொழிற்பேட்டை எழுந்தது. காமராசர் முதலமைச்சர், ஆர். வெங்கட்ராமன் தொழிலமைச்சர். சிறுதொழில் முனைவோர்க்குக் கொட்டகையும் மின்சாரமும் சாலையும் ஓரிடத்திலேயே தந்த அம்முயற்சி நாட்டுக்கே முன்மாதிரியானது. பேட்டைக்குத் திரு.வி.க.வின் பெயரைச் சூட்டினார்கள். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவுவதில் முன்நின்ற தமிழறிஞரின் பெயர் முதலாளிகளின் கொட்டகைகளுக்கு மேல் பலகையாகத் தொங்குவதை அவர் பார்த்திருந்தால் புன்னகைத்திருப்பார். பேட்டையை அடுத்த ஊரின் பெயர் ஈக்காட்டுத்தாங்கல். தாங்கல் என்பது பாசனத்துக்கு நீர் தேக்கும் சிற்றேரி. ஊர்ப்பெயரில் மட்டுமே இப்போது நீர் தேங்குகிறது என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் 2015 டிசம்பரில் அடையாறு பெருகி வந்தபோது தாங்கல் தன் பழைய இடத்தை நன்றாகவே நினைவில் வைத்திருந்தது.

இவற்றுள் எந்த முடிவையும் தீய முடிவு என்று நாம் சொல்ல வரவில்லை. கல்விக்கழகம் வேண்டாமென்றோ தொழிற்பேட்டை வேண்டாமென்றோ யார் சொல்வார்? நாம் கவனிப்பது முடிவு பிறந்த விதத்தை. ஆளுநரின் காலத்திலும் சரி, வாக்குரிமை அனைவர்க்கும் வந்த பின்னும் சரி, கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போயிற்று, நிலம் கைமாறிற்று. சுற்றியிருந்த ஊரார் வேலி போட்ட பிறகே செய்தி அறிந்தனர். மக்கள் தேர்ந்தெடுத்த அரசு செய்வது மக்கள் செய்வதே என்பது இதற்குத் தரப்படும் விடை. சார்பாளர் வழி மக்களாட்சியின் அடிப்படையே அதுதான், மறுப்பதற்கில்லை. ஐந்தாண்டுக்கொருமுறை ஒரு சின்னத்தில் விழும் முத்திரை, இந்த ஏரியைத் தூர்க்கவும் அந்தக் காட்டைப் பிரிக்கவும் தந்த இசைவும் ஆகிவிடுமா என்பதுதான் வினா.

இவ்வினாவுக்குச் சட்டம் ஒரு விடை வைத்திருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், முழுமைத் திட்டம் எதையும் இறுதியாக்கும் முன் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் எழுத்தில் கேட்கவேண்டும் என்கிறது. அதற்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம். அச்சட்டத்தின்கீழ்ச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1974-இல் சட்டமுறை அமைப்பாயிற்று. குழுமத்தின் முதல் முழுமைத் திட்டத்துக்கு 1976-இல் அரசு ஒப்புதல் கிடைத்தது.

அந்த ஆண்டில் சற்று நின்று சுற்றிலும் பார்ப்போம். சென்னை மாநகராட்சி மன்றம் ஊழல் புகாரை அடுத்து 1973-இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. நகருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை கிடையாது. 1976 ஜனவரி 31-இல் மாநில அரசு நீக்கப்பட்டது. ஆளுநர் வழியாகக் குடியரசுத் தலைவர் ஆட்சி. நாடு முழுவதும் நெருக்கடிநிலை, செய்தித்தாள்கள் தணிக்கையில். ஆக, சென்னை எப்படி வளரவேண்டும் என்று வகுத்த முதல் முழுமைத் திட்டம் கையொப்பம் பெற்ற வேளையில், சென்னைக் குடிமகனுக்கு மாமன்ற உறுப்பினரும் இல்லை, பதவியிலிருக்கும் சட்டமன்ற உறுப்பினரும் இல்லை, வாய்விட்டுப் பேசும் உரிமையும் இல்லை. 'ஆட்சேபணை இருப்பின் எழுத்தில் தெரிவிக்கவும்' என்னும் வரி மட்டும் சட்டத்தில் இருந்தது. இதைவிடக் கூர்மையான முரண் நம் நகர வரலாற்றில் வேறொன்று உண்டா என்று தேடினோம், அகப்படவில்லை.

1688-இல் தொடங்கிய, இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி என்று நாம் போற்றும் அமைப்பு, 1973 முதல் 1996 வரை இருபத்துமூன்று ஆண்டுகள் தனி அலுவலர்களின் ஆட்சியில் இருந்தது. மீண்டும் 2016-இல் பதவிக்காலம் முடிந்தபோது அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் வந்தது. இரண்டாம் முழுமைத் திட்டத்தின் கதை வேறு. 1995-இல் வரைவு ஒன்று உருவாகி, வழக்குகளில் சிக்கி, மீண்டும் எழுதப்பட்டு, 2007-இல் மக்கள் கருத்துக்கு வெளியாகி, 2008 செப்டம்பரில் ஒப்புதல் பெற்றது. இம்முறை நுகர்வோர் அமைப்புகளும் குடியிருப்போர் சங்கங்களும் வரைவைப் பக்கம் பக்கமாகப் படித்து வாதிட்டன. நீதிமன்றப் படிகளில் ஏறியும் ஒரு குடிமகன் நகரமைப்பில் பங்குகொள்ளலாம் என்பது அப்போது உறுதியாயிற்று. அந்தப் படி எல்லார் காலுக்கும் எட்டும் உயரத்தில் இல்லை என்பதும் உண்மை.

மொழியாசிரியர் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல உரிமை உண்டு என்று எண்ணுகிறோம். கருத்துக் கேட்பதற்கு முதல் நிபந்தனை கேட்பது புரியவேண்டும் என்பது. 2020-இல் நடுவணரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டு நாட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. டில்லி உயர்நீதிமன்றம் தலையிட்டு, எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் அதைத் தரவேண்டும் என்று ஆணையிட்டது. தளப்பரப்புக் குறியீடு, நிலப் பயன்பாட்டு மாற்றம், பின்னிடைவு என்று நாம் தமிழாக்கிக்கொண்ட சொற்களும் பொதுமக்களுக்கு ஆங்கிலத்தைப் போலவே அயலாக நிற்கின்றன. கொத்தனாரும் மேஸ்திரியும் 'சந்து விடுவது' என்று சொல்லும் இடத்தில் நாம் 'பக்கவாட்டுப் பின்னிடைவு' என்று எழுதுகிறோம். கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் இதைச் சிந்திக்கவேண்டும்.

இத்தனை சொன்ன பிறகு, கிண்டியிலிருந்து கத்திப்பாரா சந்திப்பைக் கடந்து ஆலந்தூருக்குள் நுழைவது ஆறுதலாக இருக்கும்.

பறங்கிமலையின் அடிவாரத்தில் இருக்கும் ஆலந்தூர் அன்று தனி நகராட்சி. 2001 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. சென்னையை ஒட்டியிருந்தும் சென்னையின் பாதாளச் சாக்கடை அங்கே இல்லை. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், அது நிரம்பினால் கழிவுநீர் லாரி, லாரி வராவிட்டால் தெருவோரச் சாக்கடை, கொசு, கிணற்று நீரில் நாற்றம். புறநகரில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1996-இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. தலைவரான ஆர். எஸ். பாரதி பாதாளச் சாக்கடைத் திட்டத்தைக் கையிலெடுத்தார். அரசு மானியத்துக்குக் காத்திருந்தால் தலைமுறை கடந்துவிடும். தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்திடம் கடன் பெறலாம். ஆனால் கடனைத் திருப்பித் தரும் வலிமை நகராட்சிக்கு வேண்டும். எனவே ஒரு புதுவழி: இணைப்புப் பெறவிருக்கும் ஒவ்வொரு வீட்டாரும் முன்கூட்டியே 5,000 ரூபாய் வைப்புத்தொகை செலுத்தவேண்டும், பின்னர் மாதக் கட்டணமும் உண்டு. குழாய் ஒன்றுகூடப் பதிக்காத நிலையில், கண்ணால் காணாத ஒரு சாக்கடைக்காக, நகராட்சியை நம்பி ஐயாயிரம் ரூபாய். தொண்ணூறுகளின் இறுதியில் அது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெருந்தொகை. ஒரு பள்ளி ஆசிரியரின் மாத வருவாயோடு ஒப்பிடத்தக்கது.

இந்த இடத்தில்தான் நகராட்சி மக்களிடம் போயிற்று. முதலில் ஆய்வு: இத்திட்டம் வேண்டுமா, வேண்டுமானால் எவ்வளவு தர முடியும் என்று வீடுகளில் கேட்டார்கள். பெரும்பான்மையோர் வேண்டும் என்றார்கள். பிறகு பொதுக்கூட்டங்கள், குடியிருப்போர் சங்கங்களோடு அமர்வுகள், வீடு வீடாக நடை. ஆளுங்கட்சி உறுப்பினர் எதிர்க்கட்சி உறுப்பினர் என்ற வேறுபாட்டைக் கூடியவரை ஒதுக்கி வைத்துத் தம் தம் வார்டுக்குப் போனார்கள். பணம் வரத் தொடங்கியது. 2000-இல் பணி தொடங்கியது. பெருங்குடியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி, இயக்கி, பின் ஒப்படைக்கும் முறையில் அமைத்தார்கள். சில ஆண்டுகளில் வீடுகளுக்கு இணைப்புகள் கிடைத்தன. இந்திய நகராட்சிகளின் வரலாற்றில் இத்தகைய ஏற்பாட்டுக்கு ஆலந்தூரையே முன்னோடியாகச் சுட்டுகிறார்கள்.

இதை நிதிமேலாண்மையின் வெற்றி என்று பாராட்டுவோர் பலர். நமக்கு அது வேறுவிதமாகத் தோன்றுகிறது. வைப்புத்தொகை தந்த அன்றே அந்த வீட்டார் தெருவில் தோண்டும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கணக்குக் கேட்கும் உரிமை பெற்றார்கள். ஒப்பந்தக்காரர் குழாயை எந்த ஆழத்தில் போடுகிறார், சாலையைத் திரும்ப மூடினாரா என்று எட்டிப் பார்க்கும் கண்கள் ஒவ்வொரு வாசலிலும் முளைத்தன. தலைவரும் உறுப்பினரும் தேர்தலில் வென்றவர்கள். ஆயினும் தேர்தலில் வென்றதை இத்திட்டத்துக்கான இசைவாக எடுத்துக்கொள்ளாமல், இரண்டாம் முறை வாசலுக்குப் போய்க் கேட்டார்கள். சார்பாளரின் அதிகாரம் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அவையும் கூடிப் பேசும் குடிகளும் ஒன்றுக்கொன்று பகை என்று பேசுவோர்க்கு ஆலந்தூர் போதுமான மறுப்பு.

ஆனால் இதன் நிழலையும் பார்க்கவேண்டும். ஐயாயிரம் ரூபாய் தந்தவர் பேசினார், தர இயலாதவர்? குடிசைப் பகுதிகளுக்குப் பொதுக் கழிப்பிடங்கள் என்று தனி ஏற்பாடு செய்தார்கள். தவறில்லை. எனினும் அவர்கள் திட்டத்தின் பயனாளிகள் ஆனார்கள், பங்காளிகள் ஆகவில்லை.

உத்திரமேரூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகளை மேடைதோறும் மக்களாட்சியின் மூலப்பத்திரம் என்று முழங்குகிறோம். குடவோலை, முப்பது குடும்பு, ஏரி வாரியம், தோட்ட வாரியம், கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் தடை. இவை பெருமைக்குரியவைதாம். குளத்தைத் தூர்வாரும் பொறுப்பை ஓர் அவை ஆண்டுதோறும் புதிதாகத் தேர்ந்தெடுத்த குழுவிடம் தருவது எக்காலத்துக்கும் நல்ல முறை. ஆனால் அதே கல்லில், கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் தன் மனையில் கட்டிய வீடும் வேதப் பயிற்சியும் உடையவனே ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதியுடையவன் என்றும் இருக்கிறது. மேடைகளில் இவ்வரியைப் படிப்பதில்லை. கிண்டிக்குத் தெற்கே உள்ள வேளச்சேரியும் சோழர் கல்வெட்டுகளில் வெளிச்சேரி என்னும் பெயருடைய சதுர்வேதிமங்கலம்தான்; அங்கேயும் சபை கூடிற்று. ஏரியை வெட்டிய கைகள் அந்தச் சபையில் அமரவில்லை.

சொந்த மனையில் கட்டிய வீடு என்னும் தகுதி இன்று எந்தச் சட்டத்திலும் இல்லை. நடைமுறையில் இருக்கிறது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் அடையாற்றின் கரையில் பல தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள், 2015 வெள்ளத்துக்குப் பின் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் கிண்டி, அடையாறு என்று நடந்து போனவர்கள் பதினைந்து கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டார்கள். ஆற்றைக் காக்கவேண்டும் என்று மனுக் கொடுத்த நற்குடிமக்களுள் பலர் இதைத் தம் வெற்றியாகவே எண்ணினார்கள். ஆற்றங்கரையில் தனியார் பெருங்கட்டடங்களும் இருக்கின்றன; அவற்றை யாரும் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோகவில்லை. குடியிருப்போர் சங்கத்தின் குரலை மக்களின் குரல் என்று எடுத்துக்கொள்ளும் முன் அந்தச் சங்கத்தில் வாடகைக்கு இருப்போர்க்கு இடம் உண்டா என்று கேட்பது நலம்.

அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் 1993 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது. நகரமைப்பை நகராட்சிகளின் பணிகளுள் முதலாவதாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் எழுதி வைத்தார்கள். பெருநகரத் திட்டக்குழுவில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்படவேண்டும் என்றார்கள். கேரளம் 1996-இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குத் தந்தது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989 முதற்கொண்டே வரவு செலவைத் தெருக்கூட்டங்களில் விவாதித்தது. நம் சிற்றூர்களிலும் கிராமசபை கூடுகிறது. நகரத்தானுக்கு மட்டும் அப்படியொரு சபை நெடுநாள் இல்லை.

2022-இல் தமிழ்நாடு அரசு வார்டு குழு, பகுதி சபை விதிகளை வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் உள்ளாட்சி தினத்தில் நகரங்களிலும் சபைகள் கூடின. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் கலந்துகொண்டார். சென்னையில் வார்டு ஒவ்வொன்றுக்கும் பத்துப் பகுதிகள். 2011 கணக்குப்படி மாநகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 67 லட்சம் பேர், 200 வார்டுகள். ஆகச் சராசரியாக ஒரு பகுதி சபைக்கு மூவாயிரத்துச் சொச்சம் பேர். ஒரு கல்யாண மண்டபத்தில் அடங்காவிட்டாலும் ஒரு பள்ளி மைதானத்தில் அடங்குவர். பகுதியின் சார்பாளரை அப்பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது என்பது பெருங்குறை. தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால் என்பவற்றோடு கூட்டம் முடிந்துவிடுகிறது என்பது அடுத்த குறை. நில வகைமாற்றமோ பெரும் கட்டடத்துக்கான அனுமதியோ அச்சபையின் முன் வருவதற்கு விதி இல்லை. ஆலந்தூர் 2011-இல் சென்னையோடு இணைந்தபோது, சாக்கடைக்கு வாசல் வாசலாய்ப் போன அந்த நகர்மன்றமும் மறைந்துவிட்டது.

கடைசியாகக் குதிரைப் பந்தயத் திடல். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே கிண்டியில் பந்தயம் உண்டு. 160 ஏக்கர் அரசு நிலம் 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பந்தயக் குழுவிடம் விடப்பட்டது. தொடக்க வாடகை ஆண்டுக்கு அறுநூற்றுச் சொச்சம் ரூபாய். 1974-இல் குதிரைப் பந்தயச் சூதை ஒழிக்கச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. 1986-இல் குழுவையே அரசுடைமையாக்க மற்றொரு சட்டம் வந்தது. 1996-இல் உச்சநீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம், சூதன்று என்று கூறி 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாதாக்கியது. சூதுக்குத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர் அவ்வழக்கில் சாட்சியாக அழைக்கப்பட்டாரா என்பது தெரியவில்லை. 2024 செப்டம்பரில் வாடகை நிலுவையைக் காட்டிக் குத்தகையை அரசு முடித்து நிலத்தை மீட்டது. அக்டோபரில் 118 ஏக்கர் பூங்கா அமைக்கத் தோட்டக்கலைத் துறைக்குத் தரப்பட்டது. வேளச்சேரிக்குப் பாயும் மழைநீரைத் தேக்கத் திடலுக்குள் குளங்கள் வெட்டும் பணியை மாநகராட்சி மேற்கொண்டது. குத்தகைதாரர் தொடுத்த வழக்கும் நடந்தது.

குளம் நல்லது, பூங்காவும் நல்லது. தென்சென்னையின் நடுவில் இவ்வளவு பெரிய திறந்தவெளி அரசின் கைக்குத் திரும்பி வருவது இன்னொரு முறை நிகழப்போவதில்லை. மூன்றாம் முழுமைத் திட்டம் 2026 முதல் 2046 வரைக்கு என்று வகுக்கப்பட்டுவரும் வேளை இது. திட்டப் பரப்பும் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்திருக்கிறது. 118 ஏக்கருக்குள் நுழைவாயில் கிண்டி ரயில் நிலையத்தை நோக்கி அமையுமா, வேளச்சேரிச் சாலையை நோக்கியா, நுழைவுக் கட்டணம் எவ்வளவு, காலையில் நடக்க வருவோர்க்கு எவ்வளவு இடம், தொழிற்பேட்டையிலிருந்து மதிய உணவுப் பொட்டலத்தோடு வரும் தொழிலாளிக்கு நிழல் எங்கே, குதிரை லாயங்களில் வேலை பார்த்த குடும்பங்கள் எங்கே போவார்கள் என்னும் கேள்விகள் ஒரு பள்ளி மைதானத்தில் அடங்கும் அளவுள்ளவை. சுற்றியுள்ள வார்டுகளின் பகுதி சபைகளில் இவற்றைப் பொருளாக வைக்கும்படி எழுதிக்கொடுக்க எவர்க்கும் தடையில்லை. மனு தமிழில் இருக்கலாம்.